காசு வாறதுக்கு ஓடிபி தேவையில்லை: வன்னியில வங்கி ஆப் பாவிக்கிற ஆக்களுக்கு

இரணைமடு எழுதியது · #1

அஸ்வெசும எண்ட அரசாங்க நலன்புரிக் காசு, உர மானியம், நெல் வித்த காசு, வெளிநாட்டில இருந்து பிள்ளையள் அனுப்புறது எண்டு இப்ப எல்லாமே வங்கிக் கணக்குக்குத்தான் வருது. கூட்டங்களில "ஓடிபி ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ" எண்டு சொல்லிவிட்டுப் போயிடினம். அது காணாது. ஓடிபி எண்டது வங்கி உங்கட போனுக்கு அனுப்புற, ஒருக்கா மட்டும் பாவிக்கிற ரகசிய இலக்கம். அது என்ன, ஏன் அந்த நேரத்தில வருது எண்டு விளங்காத ஆளிட்ட, வங்கியில இருந்து கதைக்கிறன் எண்டு ஒருத்தன் மரியாதையாக் கேட்டால் அவர் குடுக்கத்தான் செய்வார். அதால இந்த இழையில காரணத்தோட எழுதுவம். சொந்தக் கதையும் ஆக்களின்ர பேரும் வேண்டாம். வழிமுறையை மட்டும் எழுதுங்கோ.

முதல் விசயம். நாட்டுக்குள்ள இருந்து ஒரு கணக்குக்குக் காசு வர நாலு விவரம் போதும்: கணக்கு இலக்கம், பேர், வங்கி, கிளை. அதுக்கு மேல ஒண்டும் தேவையில்லை. அட்டையின்ர பின்பக்கத்து மூண்டு இலக்கம், பின் நம்பர், பாஸ்வேர்ட், ஓடிபி, கியூஆர் ஸ்கான் பண்ணுறது, "அப்ரூவ்" பட்டனை அமத்துறது எல்லாம் காசு வெளிய போறதுக்கான திறப்புகள். "உங்களுக்குக் காசு போட ஓடிபி வேணும்" எண்ட வசனம் எந்த வாயில இருந்து வந்தாலும் பொய். பரிசு எண்டாலும், நிவாரணம் எண்டாலும், சாமான் வாங்குற ஆள் முற்பணம் போடுறன் எண்டு சொன்னாலும் இதில மாற்றமில்லை.

இரண்டாவது, ஓடிபி மெசேஜை வாசிக்கிற முறை. கனபேர் ஆறு இலக்கத்தை மட்டும் பாக்கினம். இலக்கத்தைக் கடைசியாத்தான் பாக்கவேணும். முதல்ல தொகையைப் பாருங்கோ. பிறகு ஆருக்கு, என்னத்துக்கு எண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகு அட்டையின்ர கடைசி நாலு இலக்கம். கோலில "5,000 ரூபாய் வவுச்சர் வரும்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கேக்க மெசேஜில 48,500 ரூபாயும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடைப் பேரும் இருந்தால், அந்த மெசேஜ் உண்மையைச் சொல்லுது, கோல் பொய் சொல்லுது.

இதில ஆரும் பெரிசாச் சொல்லாத ஒண்டு இருக்கு. தொகை போடாத ஓடிபி, தொகை போட்ட ஓடிபியை விட ஆபத்து. தொகை உள்ளது ஒரு கொடுப்பனவுக்கு மட்டும். தொகை இல்லாதது அநேகமா நாலு விசயத்துக்கு வரும்: உங்கட கணக்கை ஒரு புதுப் போனில பதியிறதுக்கு, பாஸ்வேர்ட் மாத்துறதுக்கு, புதுசா ஒரு பெறுநரைச் சேர்க்கிறதுக்கு, உங்கட கணக்கை வேற ஒரு பணப்பை ஆப்போட இணைக்கிறதுக்கு. அதில அநேகமா "ரெஜிஸ்ரேசன்" (பதிவு), "டிவைஸ்" (கருவி), "பேயீ" (பெறுநர்), "லிங்க்" (இணைப்பு) மாதிரியான ஒரு சொல்லு இருக்கும். "இதில தொகை ஒண்டும் இல்லையே, பயப்பிடாமச் சொல்லுங்கோ" எண்டு கோலில கதைக்கிற கள்ளன் ஆறுதல் சொல்லுறது இந்த மெசேஜுக்குத்தான். ஒருக்காக் குடுத்தால் முழு வீட்டுத் திறப்பும் அவன்ர கையில.

---

நந்திக்கடல் எழுதியது · #2

நல்ல தொடக்கம் அண்ணை. மெசேஜும் லிங்கும் பற்றி நான் சேர்க்கிறன்.

"வங்கியின்ர பழைய மெசேஜுகளுக்குக் கீழதான் இதுவும் வந்திருக்கு, அப்ப உண்மைதானே" எண்டு கேக்கினம். இல்லை. போன் மெசேஜுகளை அடுக்குறது அனுப்புநர் பேரைப் பாத்து மட்டும்தான். அந்தப் பேரை வேற ஆள் போட்டு அனுப்பினாலும் போன் அதை அதே வரிசையிலதான் வைக்கும். அதால மெசேஜ் எங்க கிடக்குது எண்டது சாட்சி இல்லை. கோலும் அப்பிடித்தான். திரையில தெரியிற இலக்கம் வங்கியின்ர இலக்கமா இருந்தாலும் நம்பாமல் வையுங்கோ. அட்டையின்ர பின்பக்கத்தில இருக்கிற இலக்கத்துக்கு நீங்களே எடுங்கோ.

அந்த இலக்கத்தை கூகிளிலயும் பேஸ்புக்கிலயும் தேடாதேங்கோ. வங்கியின்ர சின்னம் போட்ட போலிப் பக்கங்கள் காசு கட்டி விளம்பரமும் ஓடவிடும். உண்மையான வங்கிப் பக்கத்தில நீங்கள் ஒரு முறைப்பாட்டைக் கருத்தா எழுதினால், சில நிமிசத்தில "வாடிக்கையாளர் சேவை" எண்ட பேரில ஒருத்தன் இன்பொக்ஸுக்கு வருவான். அவன் வங்கி ஆள் இல்லை.

லிங்க் வாசிக்கிற முறை இதுதான். இரட்டைச் சாய்கோடு முடிஞ்ச பிறகு வாற முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கோ. அதுக்கு இடதுபக்கம், புள்ளியால பிரிச்ச கடைசித் துண்டுகள்தான் தளத்தின்ர சொந்தக்காரன். பார்சல் மெசேஜ் ஒண்டு இப்பிடி வருது எண்டு வையுங்கோ:

தபால்.எல்கே-பார்சல்.டொப்/கட்டணம்

முன்னுக்குத் "தபால்.எல்கே" எண்டு இருக்கிறதைக் கண்டு அஞ்சல் திணைக்களம் எண்டு நினைக்கிறது வழமை. ஆனால் சாய்கோட்டுக்கு முன்னால இருக்கிறது "எல்கே-பார்சல்.டொப்". "தபால்" எண்டது அந்தக் கள்ளத் தளத்தின்ர ஒரு அறைப் பேர் மாதிரி; ஆரும் வைக்கலாம். எழுத்து மாத்துற வேலையும் இருக்கு: எல் எழுத்துக்குப் பதில் ஒண்டு, ஓ எழுத்துக்குப் பதில் பூச்சியம், இங்கிலிஷ் எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் எண்ட இரண்டு எழுத்தையும் ஒட்டி எழுதுறது. சின்னப் போனில வித்தியாசம் தெரியாது. அதால வங்கித் தளத்தை லிங்கால போய்த் திறக்கவே வேண்டாம். ஆப்பைத் திறவுங்கோ, இல்லாட்டி முகவரியை நீங்களே அடிச்சுப் போங்கோ.

"உங்கட பார்சலுக்கு முகவரி குறை, 80 ரூபாய் கட்டுங்கோ" எண்டு வாறதில 80 ரூபாய் அவைக்குத் தேவையில்லை. அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்க மூண்டு இலக்கம், பிறகு ஓடிபி, இதுகளைத்தான் அந்தப் பக்கம் வாங்குது. சின்னத் தொகையாப் போட்டால் ஆரும் யோசிக்காமல் கட்டுவினம் எண்டது அவைக்குத் தெரியும். "லண்டனில இருந்து நகையும் பவுண்சும் அனுப்பியிருக்கு, கட்டுநாயக்கா சுங்கத்தில நிக்குது" எண்டு வாறதும் இதே வகை. சுங்கத் திணைக்களம் வரியைத் தனியாளின்ர வங்கிக் கணக்கில போடச் சொல்லாது.

---

முத்தையன்கட்டு எழுதியது · #3

> முதல்ல தொகையைப் பாருங்கோ. பிறகு ஆருக்கு, என்னத்துக்கு எண்டு பாருங்கோ.

இது இங்கிலிஷ் வாசிக்கிற ஆக்களுக்குச் சரி. ஒட்டுசுட்டான், மல்லாவி, நெடுங்கேணி உள்ளுக்கு இருக்கிற வயசான ஆக்களுக்கு மெசேஜ் இங்கிலிஷில வந்தால் என்ன செய்யிறது? அவை போனைக் கொண்டுபோய்க் கொமினிகேசனில, அதாவது போன் வேலை செய்து குடுக்கிற கடையில, குடுப்பினம். அங்க நிக்கிற பெடியன்தான் ஆப்பைப் போட்டு, பாஸ்வேர்டும் வைச்சு, அதை ஒரு கொப்பியில எழுதியும் வைப்பான். பெடியன் நல்லவனாகவே இருக்கட்டும். அந்தக் கொப்பி மேசையில திறந்தபடி கிடக்கும். ஏரிஎம் அட்டையையும் பின் நம்பரையும் பக்கத்து வீட்டுக்காரரிட்டக் குடுத்துக் காசு எடுப்பிக்கிறதும் நடக்குது. என்ர நிலைப்பாடு, உப்பிடியான ஆக்களுக்கு ஆப் வேண்டாம். புத்தகமும் கவுண்டரும் போதும்.

---

பாலியாறு எழுதியது · #4

கவலை நியாயம். ஆனால் "ஆப் இல்லாட்டிக் கணக்குப் பத்திரம்" எண்ட முடிவோட நான் ஒத்துப்போகேல்லை. பல வங்கிகளில ஆப்பை வீட்டில இருந்தே பதியலாம். அட்டை விவரமோ கணக்கு இலக்கமோ, அடையாள அட்டை இலக்கம், பிறகு பதிஞ்ச போனுக்கு வாற ஓடிபி, இவ்வளவும் போதும். அப்ப ஆப்பே இல்லாத ஒரு அம்மாவின்ர கணக்கை, ஒரு கோலில இந்த விவரங்களை வாங்கி, கள்ளன் தன்ர போனில பதியலாம். அம்மாவிட்ட ஆப் இல்லாதபடியால் நடக்கிறதும் தெரியாது. அதால ஆப் வேண்டாம் எண்டால் சும்மா விடாமல், கிளைக்குப் போய் "இந்தக் கணக்குக்கு இணைய வங்கிச் சேவை வேண்டாம், முடக்கிவிடுங்கோ" எண்டு எழுத்தில குடுக்கவேணும். எஸ்எம்எஸ் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும். வங்கியில பதிஞ்சிருக்கிற போன் இலக்கம் இப்ப பாவனையில இருக்கிறதுதானா எண்டும் அதே நாளில பாருங்கோ. கனகாலம் பாவிக்காத சிம்மைக் கம்பனி வேற ஆளுக்கு வித்தால், உங்கட ஓடிபி அவருக்குப் போகும்.

மெசேஜைத் தமிழில பெற வழி இருக்கோ எண்டு கிளையில கேளுங்கோ. இல்லாட்டி ஒரு பேப்பரில நாலு இங்கிலிஷ் சொல்லைப் பெரிய எழுத்தில, பக்கத்தில தமிழ் அர்த்தத்தோட எழுதி போன் உறைக்குள்ள வைக்கலாம்: காசு வந்தது, காசு போனது, பதிவு, சேர்க்கை. வாசிக்கத் தெரியாதவை அந்த எழுத்தின்ர உருவத்தைப் பாத்தே பிடிச்சிடுவினம்.

கொமினிகேசனில உதவி எடுக்கிறது தப்பில்லை. எங்கட ஊரில அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் ஆப்பை இறக்கிற வரைக்கும் அவர் செய்யட்டும். பாஸ்வேர்ட் அடிக்கேக்க போன் உங்கட கையில இருக்கவேணும். முதல் நாள் அவர் வைச்ச பாஸ்வேர்டை அண்டைக்கே மாத்துங்கோ. மின்னஞ்சல் கேட்டால் கடைக்காரர் தன்ர மின்னஞ்சலைப் போட விடாதேங்கோ, பாஸ்வேர்ட் மாத்துற கடிதம் அங்கதான் போகும்.

அடையாள அட்டை இலக்கம் பற்றி ஒண்டு. கோலில வாறவன் உங்கட அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் சரியாச் சொன்னால் "வங்கி ஆள்தான்" எண்டு நம்பிவிடினம். அந்தப் பிரதி எத்தினை கடையில, எத்தினை பைனான்ஸ் கம்பனியில கிடக்குது எண்டு யோசியுங்கோ. பிறந்த திகதி அந்த இலக்கத்துக்குள்ளயே இருக்கு. பழைய அட்டையில முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாம் நாள் எண்டது. பெண்கள் எண்டால் அதோட 500 கூட்டியிருக்கும். 85134 எண்டு தொடங்கினால் 1985ஆம் ஆண்டின் 134ஆம் நாள். அட்டைக் கணக்கில பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள். தை 31, மாசி வரைக்கும் 60, பங்குனி வரைக்கும் 91, சித்திரை வரைக்கும் 121. மிச்சம் 13. அப்ப வைகாசி 13, அதாவது மே 13. 85634 எண்டால் அதே நாள் பிறந்த பெண். புதுப் 12 இலக்க அட்டையில வருசம் நாலு இலக்கமா இருக்கும், மிச்சம் இதே முறை. அதால பிறந்த திகதியையோ வருசத்தையோ பின் நம்பரா வைக்கிறது, பின் நம்பரை அட்டையிலயே எழுதி வைக்கிறதுக்குச் சமன்.

---

முத்தையன்கட்டு எழுதியது · #5

இணையச் சேவையை எழுத்தில முடக்கலாம் எண்டது எனக்குப் புதுசு. ஒத்துக்கொள்ளுறன். புத்தகமும் கவுண்டரும் எண்டு நான் சொன்னது அதோட சேர்ந்தால்தான் சரி.

விக்கிற ஆக்கள் ஏமாறுறதைப் பற்றியும் எழுதவேணும். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்), மாடு, மோட்டார் சைக்கிள், நெல்லு எண்டு பேஸ்புக்கில விளம்பரம் போடுற ஆக்கள் கனபேர்.

---

கனகராயன்குளம் எழுதியது · #6

விக்கிற பக்கத்தில மூண்டு வகை நடக்குது.

ஒண்டு, ஸ்கிரீன்சொட். "காசு போட்டாச்சு, பாருங்கோ" எண்டு வாட்ஸ்அப்பில ஒரு ரிசீட் வரும். அந்தப் படத்தைத் தொகை, பேர், திகதி எல்லாம் மாத்தி இரண்டு நிமிசத்தில செய்யலாம். அவர் காட்டுற படம் ஒரு ஆதாரமும் இல்லை. உங்கட ஆப்பில மீதி கூடினால் மட்டும்தான் காசு வந்தது. செப்ட்ஸ் எண்ட முறையால வங்கிக்கு வங்கி போடுற காசு உடன வந்து சேரும். "இரண்டு மணித்தியாலம் செல்லும், நீங்கள் சாமானை ஏத்துங்கோ" எண்டால் ஏத்தாதேங்கோ. ஸ்லிப்ஸ் எண்ட மற்ற வங்கி முறையில போட்டால் சுணங்கும், அது உண்மை. அப்ப சாமானும் சுணங்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில மாடு ஏத்துறது எண்டால், ஏத்த முதல் மாங்குளச் சந்திக்கோ சிக்னல் கிடைக்கிற இடத்துக்கோ ஒருத்தர் போய் மீதியைப் பாத்துச் சொன்ன பிறகு கயித்தை அவிழுங்கோ.

இரண்டாவது, காசோலை. விலை 3,00,000 ரூபாய் எண்டால் 3,60,000க்கு ஒரு காசோலையை உங்கட கணக்கில போடுவினம். வங்கியில இருந்து வைப்பு மெசேஜும் வரும், அது உண்மையான மெசேஜ். பிறகு "தவறிக் கூடப் போட்டிட்டம், 60,000ஐத் திருப்பி அனுப்புங்கோ" எண்டு கோல். காசோலை போட்டது வேற, அது மாறிக் காசாகிறது வேற. ஆப்பில மொத்த மீதி எண்டும் எடுக்கக்கூடிய மீதி எண்டும் இரண்டு தொகை காட்டும். எடுக்கக்கூடிய மீதியில அந்தக் காசு ஏறாத வரைக்கும் உங்களுக்கு ஒண்டும் வரேல்லை. நீங்கள் அனுப்பிற 60,000 உங்கட சொந்தக் காசு. காசோலை திரும்பினால் அவ்வளவும் நட்டம்.

மூண்டாவது, கியூஆர். கடையில ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டைக்கு மேல வேற ஒரு ஒட்டியை ஒட்டிவிட்டுப் போறது. புதுக்குடியிருப்பிலயோ பரந்தனிலயோ கடை வைச்சிருக்கிற ஆக்கள் காலமை கடை திறக்கேக்க ஒருக்கா விரலால தடவிப் பாருங்கோ, மேல தடிப்பு இருக்கோ எண்டு. காசு குடுக்கிற ஆள், ஸ்கான் பண்ணினவுடன திரையில வாற கடைப் பேரைச் சத்தமா வாசிச்சிட்டுக் குடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

அனுப்புற ஆக்களுக்கு ஒரு வசனம். காசு கணக்கு இலக்கத்தைப் பாத்துத்தான் போகும், நீங்கள் அடிக்கிற பேரைப் பாத்தில்லை. புதுக் கணக்குக்குப் பெரிய தொகை போடுறதுக்கு முதல் 100 ரூபாய் போட்டு, ஆளோட குரலில கதைச்சு வந்ததோ எண்டு கேட்டிட்டு மிச்சத்தைப் போடுங்கோ.

---

நந்திக்கடல் எழுதியது · #7

> வெளிநாட்டில இருந்து பிள்ளையள் அனுப்புறது

இதில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஆரும் வெளிப்படையாக் கதைக்கிறேல்லை எண்டபடியால் நான் எழுதுறன். உண்டியல்.

கனடாவிலயோ சுவிஸிலயோ அங்க ஒரு ஆளிட்டக் காசு குடுத்தால், இங்க உங்கட கணக்கில காசு விழும். ஆனால் போடுறது ஆர்? உங்களுக்குத் தெரியாத ஒரு மூண்டாம் ஆளின்ர கணக்கு. அந்தக் கணக்குக்கு வந்த காசு, வேற ஊரில ஒரு ஆளை ஏமாத்தி எடுத்ததா இருக்கலாம். ஏமாந்தவர் முறைப்பாடு குடுத்தால் பொலிஸ் காசு போன பாதையைப் பிடிச்சுக்கொண்டு வரும், அந்தப் பாதையில உங்கட கணக்கும் ஒரு கண்ணி. கணக்கு முடங்கும், நீங்கள் வாக்குமூலம் குடுக்கவேணும். அந்த ஆள் ஆர் எண்டு கேட்டால் உங்களிட்டப் பதில் இல்லை, ரிசீட் இல்லை. உரிமம் உள்ள பண அனுப்பல் சேவையோ வங்கிப் பரிமாற்றமோ எண்டால் அனுப்பினவரின்ர பேர் பதிவில இருக்கும். மாற்று வீதத்தில கொஞ்சம் கூடக் கிடைக்குது எண்டு உண்டியலை எடுக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கத்தையும் கணக்கில எடுக்கவேணும். கோபப்படாமல் யோசியுங்கோ.

இதின்ர அடுத்த படி கணக்கை வாடகைக்கு விடுறது. ஏஎல் (உயர்தரம்) முடிச்ச பிள்ளையளைக் குறிவைச்சு "உன்ர கணக்கு, அட்டை, சிம் மூண்டையும் தா, மாதம் இவ்வளவு தாறம்" எண்டு கேக்கினம். இல்லாட்டி "கணக்குக்குக் காசு வரும், ஒரு வீதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இந்த இலக்கத்துக்கு அனுப்பு" எண்டு வேலையாத் தருவினம். ஏமாத்தின காசைக் கைமாத்துறதுக்கு அவைக்கு உயிருள்ள கணக்கு வேணும், அதுக்குத்தான் இது. பிடிபடேக்க ஏமாத்தினவன் இருக்கமாட்டான், கணக்கில இருக்கிற பேர் இருக்கும். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் இதுக்குப் பாயும். சந்தேகமான காசு ஓட்டத்தை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கிற கடமையும் வங்கிகளுக்குச் சட்டப்படி இருக்கு. பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுக்கவேண்டிய விசயம் இது. வெளிநாடு போக இருக்கிற, கம்பஸ் போக இருக்கிற பிள்ளைக்கு ஒரு பொலிஸ் வழக்கு எண்டால் எவ்வளவு பெரிய அடி.

டெலிகிராமில வீடியோவுக்கு லைக் போடுற "வேலை"யும் இதோட ஒட்டினதுதான். முதல் இரண்டு மூண்டு தரம் சில நூறு ரூபாய் உண்மையா வரும். அது அநேகமா வேற ஏமாந்த ஆள் கட்டின காசு. பிறகு "மேல்மட்ட வேலைக்கு" நீங்கள் கட்டவேணும், கட்டினதை எடுக்க இன்னும் கட்டவேணும்.

---

பாலியாறு எழுதியது · #8

போனில செய்யவேண்டிய வேலையை எழுதுறன். ஒரு பின்னேரம் இருந்து செய்தால் முடியும்.

சிம்முக்குப் பின் நம்பர் போடுங்கோ. இதை நூறில ஒருத்தரும் செய்யிறேல்லை போல. போனுக்குப் பூட்டு இருந்தாலும், களவெடுத்தவன் சிம்மைக் கழட்டித் தன்ர போனில போட்டால் உங்கட ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். செட்டிங்ஸில செக்யூரிட்டிக்குள்ள "சிம் லொக்" இருக்கும். முதல் போட்டிருக்கிற பின் நம்பர் என்ன எண்டு சிம் கம்பனியிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டு தொடங்குங்கோ, குருட்டாம்போக்கில அடிக்காதேங்கோ. மூண்டு தரம் பிழைச்சால் பியூகே எண்ட, சிம்மைத் திரும்பத் திறக்கிற இலக்கம் கேக்கும், அது சிம் வந்த அட்டையில இருக்கும். பியூகேயைப் பத்துத் தரம் பிழையா அடிச்சால் சிம் செத்துப்போகும்.

பூட்டின திரையில மெசேஜின்ர உள்ளடக்கம் தெரியாமல் மறையுங்கோ. இல்லாட்டி போனைத் திறக்காமலே ஓடிபியை வாசிக்கலாம்.

வாட்ஸ்அப்பில வாற ஏபிகே கோப்பு, அதாவது அமத்தினால் போனில ஒரு ஆப்பைப் பதியிற கோப்பு. கலியாண அழைப்பு, போக்குவரத்துத் தண்டப்பணம், வங்கி ஆப்பின்ர புதுப் பதிப்பு எண்டு பேர் போட்டு வரும். ஆப்பைப் பிளே ஸ்டோரிலயோ ஆப் ஸ்டோரிலயோ இருந்து மட்டும் இறக்குங்கோ. அந்நிய ஆப் பதியிற அனுமதிப் பட்டியலில வாட்ஸ்அப், குரோம் இரண்டும் நிப்பாட்டியிருக்கோ எண்டு பாருங்கோ. எந்த ஆப்பாவது எஸ்எம்எஸ் வாசிக்கிற அனுமதியோ "அக்செசிபிலிட்டி" அனுமதியோ கேட்டால் கையை எடுங்கோ. அக்செசிபிலிட்டி குடுத்தால் அது உங்கட திரையை வாசிக்கும், உங்களுக்குப் பதிலாப் பட்டனையும் அமத்தும். எனிடெஸ்க் மாதிரி, தூரத்தில இருந்து இன்னொருத்தர் உங்கட திரையைப் பாக்க விடுற ஆப்புகள் நல்ல வேலைக்குச் செய்தவை. ஆனால் கோலில இருக்கிறவன் "இதைப் போடுங்கோ, நான் சரிசெய்து தாறன்" எண்டால் உங்கட திரை அவனுக்குத் திறந்த யன்னல்.

கோல் திசைதிருப்பல். "பார்சல்காரரோட கதைக்க இந்த இலக்கத்தை அடியுங்கோ" எண்டு *21* எண்டு தொடங்கி ஒரு போன் இலக்கத்தோட # எண்டு முடியிற ஒண்டைத் தருவினம். அடிச்சால் உங்களுக்கு வாற கோல் எல்லாம் அவனுக்குப் போகும். வாட்ஸ்அப் உறுதிப்படுத்தல் இலக்கத்தைக் கோலால கேட்டு எடுப்பான். *#21# அடிச்சால் திருப்பியிருக்கோ எண்டு காட்டும். ##002# அடிச்சால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

வாட்ஸ்அப்பில இரட்டை உறுதிப்படுத்தலைப் போட்டு ஆறு இலக்கம் வையுங்கோ. "லிங்க்ட் டிவைசஸ்" பகுதியில தெரியாத கணினி ஏதும் இருந்தால் நீக்குங்கோ. கணக்குப் பறிபோனால் உங்கட இலக்கத்தால உடன திரும்பப் பதியுங்கோ. எஸ்எம்எஸ்ஸில வாற இலக்கத்தை அடிச்சவுடன அவன் வெளிய போவான். அவன் இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தால் நீங்கள் உள்ள போக ஏழு நாள் செல்லும், ஆனால் அவனாலும் பாவிக்கேலாது. இந்த ஏழு நாளில சொந்தக்காரருக்கு வேற வழியால சொல்லுங்கோ. "அண்ணா, அவசரம், இந்தக் கணக்குக்குப் போடு" எண்டு அவன் முதல் அனுப்புறது வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்குத்தான்.

வங்கி ஆப்பில நாளாந்த எல்லையைக் குறையுங்கோ. நெல் வித்த காசும் நிலையான வைப்பும் இருக்கிற கணக்கு வேற, போனில ஓடுற கணக்கு வேறயா இருக்கட்டும். சில ஆப்புகளில நிலையான வைப்பை ஈடா வைச்சு உள்ளுக்குள்ளயே கடன் எடுக்கலாம். உங்கட ஆப்பில அது இருக்கோ எண்டு கேட்டு, தேவையில்லாட்டி நிப்பாட்டுங்கோ.

---

முத்தையன்கட்டு எழுதியது · #9

ஏற்கெனவே கணக்கில இருந்து காசு களவு போயிட்டுது எண்டால் முதல் ஒரு மணித்தியாலத்தில என்ன செய்யவேணும்? ஆர் ஆரிட்டப் போறது எண்டு தெரியாமல் கனபேர் அழுதுகொண்டு இருக்கினம், நேரம் போகுது.

---

இரணைமடு எழுதியது · #10

ஏபிகே போட்டிருந்தால் முதல் டேட்டாவையும் வைபையையும் நிப்பாட்டி, சிம்மைக் கழட்டி வேற போனில போடுங்கோ. ஆப்பையும் மெசேஜையும் அழிக்காதேங்கோ, அதுகள் சாட்சி. இன்னொரு போனால திரையைப் படம் எடுங்கோ.

பிறகு வங்கியின் 24 மணித்தியால இலக்கம். மூண்டு விசயத்தையும் தனித்தனியாக் கேளுங்கோ: அட்டையை முடக்கு, இணைய வங்கிப் பயனரை முடக்கு, காசு போன வங்கிக்கு அறிவிச்சு அங்க மறிச்சு வை. அட்டையை முடக்கினால் எல்லாம் முடங்கீட்டுது எண்டு நினைக்காதேங்கோ. ஆப் தனியா ஓடும். கதைச்ச நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதுங்கோ.

ஏன் இவ்வளவு அவசரம்? அட்டையால போனதுக்கும் கணக்கால போனதுக்கும் வித்தியாசம் இருக்கு. அட்டைக் கொடுப்பனவை, நீங்கள் செய்யேல்லை எண்டு எழுத்தில மறுத்தால், வங்கி அட்டை வலையமைப்பு மூலம் விசாரிச்சுத் திருப்பக் கேக்கலாம். அதுக்கும் காலக்கெடு இருக்கு. செப்ட்ஸால போன காசை உங்கட வங்கி தானா இழுத்து எடுக்கேலாது. மற்றப் பக்கக் கணக்கில அது இன்னும் கிடந்தால் மறிக்கலாம். ஏரிஎம்மில எடுத்தாச்சு எண்டால் மறிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அவை நிமிசக் கணக்கில எடுத்துவிடுவினம்.

அடுத்தது பக்கத்துப் பொலிஸ் நிலையம். கொழும்பில குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கு, அங்கயும் முறையிடலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும், அட்டை மோசடி எண்டால் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுக் கருவிகள் மோசடிகள் சட்டமும் பொருந்தும். முறைப்பாட்டைத் தமிழில எழுதக் கேளுங்கோ. வேற மொழியில எழுதினால் வாசிச்சு விளங்கப்படுத்தாமல் கையொப்பம் வைக்காதேங்கோ. பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ, வங்கி கேக்கும்.

வங்கி சரியாப் பதில் தரேல்லை எண்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், இலக்கம் 1935. அவை முதல் கேக்கிறது "வங்கிக்கு எழுத்தில குடுத்தீங்களோ, என்ன பதில்?" எண்டுதான். அதால வங்கிக் கடிதம் முந்திப் போகவேணும். கள்ளத் தளம், பறிபோன கணக்கு மாதிரியானதுகளுக்கு இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவு, இலக்கம் 101.

---

கனகராயன்குளம் எழுதியது · #11

அந்தக் கடிதத்தை எப்பிடி எழுதுறது எண்டு தெரியாமல்தான் கனபேர் நாலு நாள் கழிச்சுப் போகினம். மாதிரி ஒண்டு போடுறன். அழுது எழுதத் தேவையில்லை, நேரமும் இலக்கமும் இருந்தால் போதும்.

முகாமையாளர், (வங்கி, கிளை).
எனது அனுமதியின்றி நடந்த பணப் பரிமாற்றம் தொடர்பான முறைப்பாடு.
எனது கணக்கு இலக்கம் ……. இல் இருந்து …. ஆம் திகதி …. மணிக்கு ரூபாய் …. தொகை, …. வங்கியின் …. கணக்கு இலக்கத்துக்குச் சென்றுள்ளது. பரிமாற்ற உசாத்துணை இலக்கம் ……. இதற்கு முன் …. மணிக்கு …. இலக்கத்தில் இருந்து அழைப்பு / குறுஞ்செய்தி வந்தது. நான் …. மணிக்கு உங்கள் அவசர இலக்கத்துக்கு அறிவித்தேன். முறைப்பாட்டு இலக்கம் ……. இத்தொகையைப் பெற்ற கணக்கில் தடுத்து வைக்கவும், எனது இணைய வங்கிப் பதிவில் எந்தெந்தக் கருவிகள் எந்த நேரத்தில் பதியப்பட்டன என்ற விவரத்தை எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வசனத்தை விடாதேங்கோ. புதுப் போன் ஒண்டு பதிஞ்ச நேரமும் காசு போன நேரமும் பக்கத்தில பக்கத்தில வந்தால் விசாரணைக்கு அது பெரிய உதவி. ஓடிபியைச் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கோ. கோல் பதிவில எப்பிடியும் தெரியவரும், பிறகு உங்கட மற்றச் சொல்லையும் நம்பமாட்டினம்.

இரண்டு பிரதி கொண்டு போங்கோ. ஒண்டில திகதியோட சீல் அடிச்சு வாங்குங்கோ.

---

நந்திக்கடல் எழுதியது · #12

சீல் அடிக்க மறுத்தால் அண்டைக்கே பதிவுத் தபாலில அனுப்பி, அந்தத் துண்டைக் கடிதப் பிரதியோட குத்தி வையுங்கோ. கிராம மட்டத்தில கூட்டம் வைக்க விரும்புற மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள் கிளிநொச்சியில இருக்கிற மத்திய வங்கி அலுவலகத்தில வளவாளரைக் கேக்கலாம். கமநல சேவை நிலையத்தில உரப் படிவம் நிரப்ப ஆக்கள் கூடுற நாளில வைச்சால் கூட ஆக்கள் வருவினம். பாலியாறு சொன்ன நாலு சொல்லுப் பேப்பரை நான் பெரிய எழுத்தில செய்து நாளைக்கு இதில போடுறன்.